வயசான பூனைக்கு வயிறு கெட்டால் என்ன செய்வது?



கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழி என்று இந்தப் பக்கத்தில் பல பாடங்கள் படித்திருக்கிறோம். இந்த மாதம் பூனை. "பூனைக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். பூனை வாங்கக் குழுவில் கடன் கிடையாது. பூனைக்குக் காப்பீடும் யாரும் போடுவதில்லை. ஆனால் நெல் மூட்டை, விதைக் கடலை, உளுந்து, ரேஷன் அரிசி எல்லாவற்றுக்கும் நம் வீட்டில் சம்பளம் வாங்காத காவல்காரர் பூனைதான். எலி பெருகினால் தானியம் மட்டும் போவதில்லை, எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சலும் வருகிறது. பிள்ளைகள் வெளியூரில் பிழைக்கப் போய்விட்ட வீடுகளில் தனியாக இருக்கும் நம் மூத்த உறுப்பினர்கள் பலருக்கு, ராத்திரியில் பேச்சுத்துணையும் அந்தப் பூனைதான்.

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே கூடி யோசனை சொல்கிறது. பூனைக்கு வந்தால் "வயசாயிடுச்சு, போகட்டும் விடு" என்கிறோம். வயசு ஒரு நோய் அல்ல. வயசான பூனைக்கு வரும் வயிற்றுத் தொல்லைகளில் பல, சாப்பாடு, தண்ணீர், பல், பூச்சி இவற்றைச் சரியாகக் கவனித்தாலே குறையக் கூடியவை. மீதியை மருத்துவரிடம் நேரத்தோடு காட்ட வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடம்.

ஒரு உறுப்பினர் வீட்டில் நடந்தது

நம் கூட்டமைப்பில் ஒரு அம்மா. வயது அறுபத்தைந்துக்கு மேல். தனியாக இருக்கிறார். அவர் பூனைக்கு 12 வயது. காலையில் பால் சோறு, ராத்திரி மோர் சோறு, என்றைக்காவது கருவாட்டுத் தலை. இதுதான் பல வருடச் சாப்பாடு. சின்ன வயதில் எலியும் ஓணானும் பிடித்துத் தின்றதால் குறை தெரியவில்லை. வயதானதும் வேட்டை நின்றது. வெறும் சோறு மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் பூனை மூலையில் குந்திக் குந்தி முக்கியது. மலம் வரவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் "விளக்கெண்ணெய் ஊத்துக்கா" என்றார்கள். இன்னொருவர் "காய்ச்சல் மாத்திரையில கால் துண்டு கொடு" என்றார். அந்த அம்மா இரண்டையும் செய்யவில்லை. கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். குடலில் மலம் கல்லாக இறுகிக் கிடந்தது. உடம்பில் நீர்ச்சத்து இல்லை. மருத்துவர் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றி, இனிமா கொடுத்து எடுத்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "என்னம்மா சாப்பாடு போடுறீங்க?"

மருந்தைவிட அந்தக் கேள்விதான் முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

பூனை சோறு தின்னப் பிறந்த பிராணி இல்லை

நாய் நம்மோடு சேர்ந்து சோறு, கூழ் எல்லாம் தின்று ஓரளவு பழகிவிட்டது. பூனை அப்படி இல்லை. அது கறி தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்று ஒரு சத்து பூனைக்கு அவசியம். அது கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. சோற்றில் இல்லை, பருப்பில் இல்லை. பாலிலும் போதிய அளவு இல்லை. அது மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண் பார்வை கெடும், இருதயம் பலவீனமாகும். "வயசாச்சு, கண் தெரியல" என்று நாம் நினைப்பது சில நேரம் சாப்பாட்டுக் குறையாகவே இருக்கும்.

பால்: குட்டிக்குத் தாய்ப்பாலை ஜீரணிக்கும் சக்தி உண்டு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அந்தச் சக்தி குறைந்துவிடுகிறது. பாலில் உள்ள சர்க்கரை குடலில் ஜீரணமாகாமல் புளித்து, வயிறு பொருமி, கழிச்சல் வருகிறது. பூனை ஆசையாகக் குடிக்கும். குடிப்பதால் ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தமில்லை. பால் கொடுத்து மலம் இளகுகிறது என்றால் பாலை நிறுத்துங்கள். புளிக்காத தயிர் ஒரு ஸ்பூன் பல பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளும்.

தண்ணீர்: பூனையின் மூதாதை பாலைவனப் பகுதியைச் சேர்ந்தது. தண்ணீர் தேடிக் குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு. தின்கிற எலியிலிருந்தே பெரும்பாலான நீர் கிடைத்துவிடும். எலி பிடிக்காத வயசான பூனைக்கு அந்த நீரும் போய்விடுகிறது. மலச்சிக்கலுக்கு இது ஒரு பெரிய காரணம்.

வயசானால் என்ன மாறுகிறது?

10 வயது தாண்டிய பூனையை வயதான பூனை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு:

• பல் ஆடும், ஈறு புண்ணாகும். பசி இருக்கும், மெல்ல முடியாது. தட்டருகில் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும். ஒரு பக்கமாகவே மெல்லும். வாய் நாறும்.

• மூக்கு மந்தமாகும். ஆறிய சாப்பாட்டின் வாசனை அதற்குத் தெரியாது.

• மூட்டு வலி வரும். மலம் கழிக்கக் குந்துவதே வலிக்கும். அதனால் அடக்கி வைத்து மலம் இறுகும்.

• சிறுநீரகம் பலம் குறையும். நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய ஒன்றுக்குப் போகும், இளைக்கும், அடிக்கடி வாந்தி எடுக்கும். வயசான பூனைகளில் இது அதிகம்.

• தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தால் பூனை நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும், ஓரிடத்தில் இருக்காது, வாந்தியோ கழிச்சலோ வரும். "நல்லாத்தானே திங்குது" என்று ஏமாந்துவிடக் கூடாது.

இதனால்தான் எடை பார்ப்பது முக்கியம். மாதம் ஒரு முறை பூனையைத் துணிப்பையில் வைத்து, தலை வெளியே இருக்கும்படி, ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். காலண்டரில் எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 3 கிலோ 600 கிராம் ஆகிவிட்டது என்றால் நமக்கு 400 கிராம் சின்னதாகத் தெரியும். 60 கிலோ மனுஷி 6 கிலோ இளைத்ததற்குச் சமம் அது. சும்மா விடலாமா?

வாந்தி, கழிச்சல், மலச்சிக்கல்: எதனால்?

வாந்தி: அவசரமாகத் தின்றால் தின்ற உடனே அப்படியே வெளியே வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சரியாகும். நக்கி விழுங்கிய முடி உருண்டையாக வரும். எப்போதாவது வந்தால் பயமில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை வாந்தி, கூடவே இளைப்பு என்றால் உள்ளே வேறு நோய் இருக்கிறது.

கழிச்சல்: பால், கெட்டுப்போன மீன், திடீரென்று மாற்றிய சாப்பாடு, குடல்புழு ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆசனவாய்ப் பக்கம் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. உண்ணி, தெள்ளுப்பூச்சி உள்ள பூனைகளில் தெள்ளுப்பூச்சி மூலமாகவும், எலி தின்பதாலும் இது வரும். பூச்சி மருந்தை எடைக்குத் தகுந்தபடி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆட்டுக்கு வாங்கி வைத்த மருந்தைக் கண் அளவில் ஊற்றாதீர்கள்.

மலச்சிக்கல்: நீர் குறைவு, கோழி எலும்புத் துண்டு, மூட்டு வலி, சிறுநீரக நோய். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்தும். கோழி எலும்பு போடாதீர்கள்.

தையல் தொழில் செய்யும் உறுப்பினர்கள் கவனிக்க: ஊசி கோத்த நூலும், பூக்கட்டும் நாரும், கறிக்கடைப் பொட்டலத்தின் சணலும் பூனைக்கு எமன். விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

சாப்பாட்டை மாற்றுவது எப்படி?

நல்ல சாப்பாடாக இருந்தாலும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. வயசான குடல் புதிதுக்குப் பழக நாள் வேண்டும். 10 நாள் கணக்கு இது:

1. முதல் 3 நாள்: பழைய சாப்பாடு 3 பங்கு, புதியது 1 பங்கு.

2. 4 முதல் 6-ஆம் நாள் வரை: இரண்டும் பாதிப் பாதி.

3. 7 முதல் 9-ஆம் நாள் வரை: பழையது 1 பங்கு, புதியது 3 பங்கு.

4. 10-ஆம் நாள்: முழுதும் புதியது.

இடையில் மலம் இளகினால் முந்தின படிக்குப் போய், இரண்டு நாள் நின்று, பிறகு மேலே வாருங்கள். பாலை மட்டும் இப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. கழிச்சல் இருந்தால் அன்றே நிறுத்தலாம்.

புதிய சாப்பாடு என்றால் விலை அதிகமோ என்று பயப்பட வேண்டாம். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன் போதும். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் போடாமல் குக்கரில் முள் மசியும்வரை வேகவைத்துப் பிசையுங்கள். மசிந்த முள்ளிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மசியாத முள்ளைப் பார்த்து எடுத்துவிடுங்கள். கோழிக்கடையில் கோழியின் இருதயம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். டாரின் சத்து அதில் நிறைய. வேகவைத்துப் பொடியாக நறுக்குங்கள். வேகவைத்த முட்டையும் நல்லது. ஈரல் வாரம் ஒரு முறை சின்னத் துண்டு போதும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அதிகமாகி எலும்பைக் கெடுக்கும்.

மீன், கறி 3 பங்கு என்றால் குழைந்த சோறு 1 பங்கு. வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள். டாரின் சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். அதையே ஊற்றிப் பிசைந்தால் சத்தும் சேரும், நீரும் சேரும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிராம் வெந்த மீனோ கறியோ வேண்டியிருக்கும். அதை மூன்று, நான்கு வேளையாகப் பிரித்து, விரல் பொறுக்கும் வெதுவெதுப்பில் வையுங்கள். சூட்டில் வாசனை எழும்பும், மூக்கு மந்தமான பூனையும் வரும்.

மலச்சிக்கல் உள்ள பூனைக்கு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். வாய் அகலமான கிண்ணம் நல்லது. தினமும் கழுவி மாற்ற வேண்டும். மலம் கழிக்க ஒரு தட்டில் மணல் போட்டு, ஏறி இறங்கச் சிரமமில்லாமல் தாழ்வாக வையுங்கள்.

ஒரு விஷயம். சிறுநீரக நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் கறி, மீன் அளவை அவர் சொல்கிறபடிதான் வைக்க வேண்டும். அந்த வீட்டில் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

கொடுக்கக் கூடாதவை

• பாராசிட்டமால் மாத்திரை. மனிதருக்குச் சாதாரணம், பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். பூனை ஈரலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது. கால் துண்டும் வேண்டாம்.

• நமக்கு வாங்கிய வயிற்றுப்போக்கு மாத்திரை, வலி மாத்திரை.

• வெங்காயம், பூண்டு. பூனையின் ரத்த அணுக்களை உடைத்துச் சோகை உண்டாக்கும். அதனால் மீன் குழம்புச் சோறு வேண்டாம். மசாலா சேர்க்கும் முன்பே பூனைக்குப் பங்கு எடுத்து வையுங்கள்.

• வாயைப் பிளந்து ஊற்றும் விளக்கெண்ணெய். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வந்து பூனை செத்துப்போகும்.

• கருவாடு. உப்பு அதிகம். பச்சை மீனும் வழக்கமாக்காதீர்கள். சில மீன்களில் உள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தக் குறை இல்லை.

எலி மருந்து வைக்கும் வீடுகளில் பூனையை உள்ளே விடாதீர்கள். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் விஷம் ஏறும். பூனை உள்ள வீட்டில் எலிப்பொறியே நல்லது. செத்த எலியை ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

1. ஒரு நாள் முழுதும் எதுவும் தின்னவில்லை. இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால், குண்டான பூனைக்கு முக்கியமாக, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து.

2. கடுவன் பூனை குந்திக் குந்தி முக்குகிறது, ஆனால் ஒன்றுக்கு வரவில்லை. நாம் மலச்சிக்கல் என்று நினைத்திருப்போம். மூத்திரம் அடைத்திருக்கும். ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். காலைவரை காத்திருக்காதீர்கள்.

3. வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், அல்லது மலம் தார் மாதிரி கறுப்பு.

4. இரண்டு நாளாக மலம் இல்லை; அல்லது ஒரே நாளில் பல முறை வாந்தி, தண்ணீரும் தங்கவில்லை.

5. ஈறு காய்ந்து ஒட்டுகிறது, வெளுத்திருக்கிறது, அல்லது கண், காது மஞ்சளாக இருக்கிறது.

அரசு கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். "ஆடு மாட்டுக்குத்தான்" என்று நாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். சாக்கில் கட்டித் தூக்கினால் மூச்சு முட்டும். ஒரு மூங்கில் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துத் துணியால் கட்டுங்கள். என்ன தின்றது, எத்தனை தடவை வாந்தி, கடைசியாக எப்போது மலம் போனது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நம் உடம்பையும் பார்க்க வேண்டும்

நோயுற்ற பூனை வலியில் கடிக்கும், பிறாண்டும். பூனை மூலமும் வெறிநோய் வரும். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணம் மாறி இருக்கிற பூனையின் வாயில் "முள் சிக்கியிருக்கும்" என்று கையை விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்க வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். "வீட்டுப் பூனைதானே" என்று தள்ளிப்போட்ட பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. வெறிநோய் வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. பூனைக்கும் வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள்.

கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ளக் கூடாது. அதில் வரும் ஒரு கிருமி வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். வீட்டில் வேறு யாராவது தினமும் அள்ளிப் புதைக்கட்டும். அன்றன்றே அள்ளினால் ஆபத்து குறைவு, ஏனென்றால் மலம் வெளியே வந்து ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும். அள்ளியவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதும் இதே கிருமிக்கான பாதுகாப்புதான். மருமகள் கர்ப்பமாகிவிட்டாள் என்று பல வருடம் வளர்த்த பூனையைக் கொண்டுபோய் விட வேண்டிய அவசியம் இல்லை.

கூட்டத்தில் பேச

• நம் குழுவில் எத்தனை வீட்டில் 10 வயது தாண்டிய பூனை இருக்கிறது? என்ன சாப்பாடு போடுகிறோம்?

• தனியாக இருக்கும் மூத்த உறுப்பினரின் பூனைக்கு உடம்பு முடியாமல் போனால் மருந்தகத்துக்கு யார் கூடப் போவது?

• எலி மருந்து வைப்பவர்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு வைக்கிறோமா?

இந்த மாதம் செய்ய வேண்டியது: பூனை உள்ள வீடுகள் எல்லாம் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த எடையைச் சொல்லுங்கள். அதற்கடுத்த மாத எடையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இளைத்த பூனை எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு முதலில் மருத்துவரைக் கேட்டுச் சொல்வோம்.